ரெண்டு சுழி ‘ன’ பிறக்கும் இடம்

2019 ஏப்ரல் மாதம். எங்கள் கல்வி மாவட்டத்தின் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் மையம். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டாவது கட்டைப் பிரித்து வைத்திருந்தேன். நெடுவினாவுக்கு ஒரு பிள்ளை மூன்று பக்கம் எழுதியிருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது வரை நினைவிருக்கிறது. அடுத்து எனக்குத் தெரிந்தது, பக்கத்து மேசை ஆசிரியை என் தோளை உலுக்கியதுதான். அந்தப் பக்கத்தின் குறுக்கே, மேலிருந்து கீழ்வரை, என் சிவப்புப் பேனா ஒரு கோடு இழுத்திருந்தது.

முதன்மைத் தேர்வாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் அந்தக் கோட்டின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மதிப்பெண்ணைச் சரியாகப் போட்டேன். பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் அன்று மாலை ஸ்கூட்டியை ஓட்டப் பயமாக இருந்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அப்போது எனக்கு 53 வயது. இரவு பத்து மணிக்குப் படுத்தால் ஆறு மணிக்குத்தான் எழுவேன். எட்டு மணி நேரம் கிடந்தும் காலையில் தலை கனத்தது. வாய் காய்ந்து, நாக்கு சருகு போல இருந்தது. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்தேன். சர்க்கரை பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. ரத்தம் கொஞ்சம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். “அசதியா இருக்கு” என்று நான் சொன்ன ஒரே வார்த்தைக்கு அவர்கள் செய்த வைத்தியம் அது. குறட்டை விடுகிறேன் என்பதை நான் சொல்லவே இல்லை.

குறட்டையை எங்கள் வீட்டில் நல்ல தூக்கத்தின் அடையாளமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். “பாவம், அசந்து தூங்குறா, எழுப்பாதீங்க” என்பார் மாமியார். வீட்டுக்கு வெளியே அது வெட்கம். மாணவிகளைச் சுற்றுலா அழைத்துப்போனால் ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து விழித்தே இருப்பேன். கல்யாண மண்டபத்தில் உறவுக்காரப் பெண்கள் வரிசையாகப் படுத்திருக்கும் கூடத்தில், எல்லோரும் தூங்கியபிறகு தலையணையை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போயிருக்கிறேன். மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு இந்தத் தொல்லை கூடுகிறது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். கூடுகிற வயதில்தான் நாம் வாயைத் திறக்க வெட்கப்படுகிறோம். பெண்களுக்கு இந்த நோய் தாமதமாகத் தெரியவருவதற்கு இந்த வெட்கம் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் வீட்டுக்காரர்தான் முடிச்சை அவிழ்த்தார். திருத்தும் மையத்தில் நடந்ததைச் சொன்ன அன்று அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “உன் சத்தம் எனக்குப் பழகிப்போச்சு. சத்தம் நிக்கும் பாரு, அப்பத்தான் எனக்குப் பயமா இருக்கும். மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். முப்பது, நாப்பது எண்ணின அப்புறம் திடுக்குன்னு இழுப்பே.” எத்தனை வருஷமாக என்று கேட்டேன். “நாலஞ்சு வருஷமா” என்றார். அத்தனை இரவுகள் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

தஞ்சாவூரில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தோம். வீட்டிலேயே செய்யும் உறக்கப் பரிசோதனைக் கருவி ஒன்றைத் தந்தார். மூக்கடியில் மெல்லிய குழாய், மார்பைச் சுற்றிப் பட்டை, விரலில் ஒரு கவ்வி. ஒரு ராத்திரி கட்டிக்கொண்டு படுத்தேன். பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ நன்றாகக் குறைந்தாலோ அதை ஒன்று என்று கணக்கு வைக்கிறார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. எனக்கு மணிக்கு 19. நீண்ட தடை ஒன்று 41 விநாடி. ஒவ்வொரு தடவையும் மூளை பதறி எழுந்து மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பவும் உறங்கப்போயிருக்கிறது. நான் படுத்திருந்தேன், உறங்கவில்லை. ஸ்லீப் அப்னியா என்று அதன் பெயரை அன்றுதான் கேட்டேன்.

சீபேப் இயந்திரம் வாங்கினோம். 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வெளியிட்ட வழி அது: மூக்கு வழியாகக் காற்றை ஒரே அழுத்தத்தில் அனுப்பித் தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்குவது. வேலை செய்கிற வழிதான். ஆனால் எனக்கு ராத்திரி வாய் திறந்துகொண்டது. மூக்கில் போன காற்று வாய் வழியாகப் புஸ்ஸென்று வெளியேறியது. முகத்தை முழுக்க மூடும் முகமூடி போட்டால் எனக்கு மூச்சு முட்டியது. மருத்துவர் முதலில் என் மூக்கைப் பார்த்தார். வருஷக்கணக்கான ஒவ்வாமையால் உள்ளே வீங்கி அடைத்திருந்தது. அதற்கு மருந்தும் உப்புநீரால் கழுவுவதும் சொன்னார். பிறகு அதே மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார்.

எனக்குப் பேச்சில் என்ன குறை என்று யோசித்துக்கொண்டே போனேன். முப்பது வருஷமாக ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். “வாயை மூடிச் சும்மா உக்காருங்கம்மா” என்றாள். ஒரு நிமிடம் கழித்து, “இப்ப உங்க நாக்கு எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கவனித்துப் பார்த்தேன். கீழ்வரிசைப் பல்லுக்குப் பின்னால், வாயின் தரையில், பாயில் கிடப்பதுபோல் கிடந்தது.

“அது மேல இருக்கணும்மா. நுனி மேல்பல்லுக்குப் பின்னாடி ஈறு மேடா இருக்குல்ல, அங்க. மத்த நாக்கும் அண்ணத்தோட ஒட்டி இருக்கணும். உதடு மூடி, பல்லு லேசா விலகி, மூக்குல மூச்சு. ‘ன’ சொல்லி நிறுத்துங்க. நாக்கு எங்க நிக்குதோ அதான் அதோட வீடு.”

“எந்த ன?” என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். தமிழில் மூன்று இருக்கிறதே என்றேன். ‘பந்து’ என்று சொல்லிப் பார்த்தால் நாக்கு நுனி பல்லிலேயே முட்டுகிறது, அது தந்நகரம். ‘கண்’ என்றால் நாக்கு பின்னால் மடிந்து அண்ணத்தின் உச்சிக்குப் போகிறது, அது டண்ணகரம். ‘அவன்’ என்று சொல்லி நிறுத்தினால்தான் அவள் சொன்ன அந்த ஈற்று மேட்டில் நிற்கிறது. ரெண்டு சுழி ன, றன்னகரம். அவள் மூன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “ஆமாம்மா, நிறையப் பேரு பல்லத் தள்ளுறாங்க. எனக்கு ஏன்னு தெரியாம இருந்துச்சு” என்றாள். அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் ‘அவன்’ சொல்லி நிறுத்தச் சொல்வதாக அடுத்தமுறை போனபோது சொன்னாள். என் பாடம் ஒருவரின் உறக்கத்துக்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

தஞ்சாவூரிலிருந்து திரும்பும் பேருந்தில் தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஞாபகமாகவே வந்தேன். உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு மூன்றிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஐந்தும் செய்யும் தொழிலால் எழுத்தாகிறது என்று எட்டு இடங்களைச் சொல்கிறார் தொல்காப்பியர். ஒவ்வொரு எழுத்துக்கும் நாவின் நுனி எங்கே ஒற்றும், எங்கே வருடும் என்று அவர் பிரித்துச் சொன்ன நுட்பத்தை எத்தனையோ முறை வியந்து நடத்தியிருக்கிறேன். பேசாத நேரத்தில் இந்த எட்டும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

கண்ணாடியில் நாம் பார்ப்பது நாக்கில் ஒரு பகுதிதான். மிச்சம் தொண்டைக்குள் இறங்கி நிற்கிறது. மோவாய் எலும்பின் உள்பக்கத்திலிருந்து ஒரு தசை விசிறிபோல் விரிந்து நாக்குக்குள் ஓடுகிறது. நாக்கை முன்னால் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் திறந்து வைத்திருக்கின்றன. நாக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைக்கு அப்படி எந்த வளையமும் இல்லை. பேசவும் விழுங்கவும் வளைந்து கொடுக்க வேண்டிய இடம் அது. அதைத் திறந்து வைத்திருப்பவை தசைகள் மட்டும்தான். உறங்கும்போது அவை தளர்கின்றன. கனவு வரும் உறக்கத்தில் இன்னும் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிகிறது. வழி குறுகினால் குறட்டை. அடைத்தால் என் வீட்டுக்காரர் எண்ணிய அந்த முப்பது, நாற்பது.

பயிற்சிகள் எளியவை. எளியவை என்பதாலேயே விட்டுவிடத் தோன்றுபவை. நாக்கு நுனியை ‘ன’ இடத்தில் வைத்து அண்ணத்தின் மேலேயே பின்னுக்கு இழுப்பது, 20 தடவை. முழு நாக்கையும் அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டிப் பிடிப்பது, 20 தடவை. ஒட்டிய நாக்கைச் சொடுக்கி எடுத்தால் வண்டிக்காரர் மாட்டை முடுக்கும் அந்த ஒலி வரவேண்டும். வந்தால்தான் நாக்கு முழுக்க ஒட்டியிருந்தது என்று அர்த்தம். முதல் பத்து நாள் எனக்கு அந்த ஒலி வரவே இல்லை. நுனியைக் கீழ்ப்பல்லில் ஊன்றிக்கொண்டு நாக்கின் பின்பகுதியைக் கீழே அழுத்துவது ஒன்று. கண்ணாடியைப் பார்த்து ‘ஆ’ என்று விட்டுவிட்டுச் சொல்லி உள்நாக்கை மேலே தூக்குவது ஒன்று. வாயை அகலத் திறத்தலுக்கு இலக்கணத்தில் அங்காத்தல் என்று பெயர். அகரமும் ஆகாரமும் அப்படிப் பிறப்பவை. அங்காந்தால் உள்நாக்கு எழும் என்பதை 53 வயதில் கண்ணாடியில் பார்த்தேன்.

கன்னத்துக்குள் விரலை விட்டு வெளியே தள்ள, கன்னம் அதை உள்ளே தள்ள வேண்டும். மூக்கால் மூச்சை இழுத்து பலூன் ஊத வேண்டும். உதட்டுக்கு இன்னொன்று: பெரிய பொத்தானில் நூல் கோத்து, பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் வைத்து உதட்டை மூடிக்கொண்டு, பொத்தான் வெளியே வராதபடி நூலை இழுப்பது. என் வீட்டுக்காரர் பழைய கோட்டிலிருந்து பொத்தானை வெட்டிக் கொடுத்து, நூலின் மறுமுனையை அவரே பிடித்து இழுப்பார். காலையில் சாமி விளக்கு ஏற்றியபிறகு பத்து நிமிடம், மாலை பத்து, படுக்கும் முன் பத்து. நாக்குப் பயிற்சிகளை உதட்டை மூடிக்கொண்டு பேருந்திலும் செய்தேன். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. முதல் வாரம் மோவாய்க்கு அடியில் நன்றாக வலித்தது. அங்கே தசை இருக்கிறது என்பதே அந்த வலியால்தான் தெரிந்தது.

கடினமாக இருந்தது சாப்பாடுதான். ஆசிரியர் அறையில் பத்து நிமிடத்தில் சாப்பாட்டை முடிக்கும் பழக்கம் எனக்கு. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, உதட்டை மூடி மெல்ல வேண்டும், விழுங்கும்போது நாக்கு மேலே எழுந்து அழுத்த வேண்டும், பல்லைத் தள்ளக் கூடாது என்றாள் அந்தப் பெண். இத்தனை வருஷம் விழுங்கியது தவறாக விழுங்கியது என்று ஏற்க மனம் வரவில்லை. மெல்ல மெல்லத்தான் பழகியது.

“இதெல்லாம் செஞ்சா நிஜமாவே குறையுமாம்மா?” என்று ஒருநாள் கேட்டேன். பிரேசிலின் சாவோ பாலோ நகரத்தில் தன்னைப் போன்ற பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர், காத்தியா கிமராயிஸ், மருத்துவர்களோடு சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னாள். நடுத்தர அளவில் தடை உள்ள 31 பேர். ஒரு பகுதியினர் இந்தப் பயிற்சிகளைச் செய்தார்கள், மற்றவர்கள் இவற்றுக்குப் பதிலாக மூச்சை ஆழ இழுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் முதல் பகுதியினருக்கு மணிக்கு 22.4 என்றிருந்தது 13.7 ஆனது, கழுத்தின் சுற்றளவும் ஒரு சென்டிமீட்டர் அளவு குறைந்தது. மற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. “போயிடாதும்மா, குறையும்” என்றாள். அந்த நேர்மைதான் என்னை மூன்று மாதம் விடாமல் செய்யவைத்தது.

சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து நடந்த இன்னோர் ஆய்வையும் சொன்னாள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜரிடூ என்ற நீண்ட ஊதுகருவியை நான்கு மாதம் ஊதிப் பழகியவர்களுக்குப் பகல் தூக்கமும் இரவுத் தடையும் குறைந்தன. கன்னத்தில் காற்றைத் தேக்கி வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும், ஒலி அறக் கூடாது என்று அவள் விளக்கியபோது எனக்கு ஒத்துக்காரர் நினைவு வந்தார். நான் சிறுமியாக இருந்தபோது கோயிலில் நாகஸ்வரக்காரருக்குப் பின்னால் நின்று ஒரே சுருதியை ஊதிக்கொண்டிருப்பார் ஒருவர். நாகஸ்வரம் நிற்கும், தவில் நிற்கும், அவர் ஒத்து மட்டும் நிற்காது. அவர் எப்போது மூச்சு விடுகிறார் என்று கண்கொட்டாமல் பார்த்திருக்கிறேன். இன்று சுருதிப் பெட்டி வந்து ஒத்துக்காரரை அனுப்பிவிட்டது. ‘ஒத்து ஊதுகிறான்’ என்று பிறரைப் பழிக்கும் பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த ஊதலின் அருமை தெரிந்திருந்தால் அந்தச் சொல்லைப் பழிப்பாக ஆக்கியிருக்க மாட்டோம். 2025-இல் ஜெய்ப்பூர் மருத்துவர்கள் 30 பேரை வைத்து, அவர்களில் ஒரு பகுதியினரை ஆறு மாதம் சங்கு ஊதவைத்து, அவர்களுக்குத் தடை குறைந்ததைக் கண்டார்கள் என்று படித்தபோதும் ஒத்துக்காரரின் கன்னம்தான் கண்ணில் நின்றது.

வாயை ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொண்டு படுக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. என் தங்கைகூட அப்படி ஒரு வீடியோ அனுப்பினாள். என் மருத்துவர் கண்டிப்பாக வேண்டாம் என்றார். மூக்கு அடைத்திருப்பவருக்கு வாயும் அடைத்தால் ஆபத்து. உதட்டை மூடவைக்க வேண்டியது உதட்டின் தசை, அதற்குத்தான் பொத்தான்.

2020 ஜனவரியில் மறுபடியும் கருவியைக் கட்டிக்கொண்டு, இயந்திரம் இல்லாமல் படுத்தேன். மணிக்கு 9. இதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூக்கு திறந்திருந்தது, எடையில் மூன்று கிலோ குறைந்திருந்தது, ஒருக்களித்துப் படுக்கப் பழகியிருந்தேன். எல்லாம் சேர்ந்துதான் இது என்றார் மருத்துவர். இயந்திரத்தை நிறுத்திப் பார்க்கலாம், பயிற்சியை நிறுத்தக் கூடாது என்றார். கடுமையான தடை உள்ளவர்கள் பயிற்சியை நம்பி இயந்திரத்தைக் கழற்றக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். அடுத்த வருஷம் மகள் கல்யாண வேலையில் ஆறு வாரம் பயிற்சியை விட்டுவிட்டேன். குறட்டை திரும்பிவந்ததை வீட்டுக்காரர் சொன்னார். அன்றே பொத்தானைத் தேடி எடுத்தேன்.

சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது.

பயிற்சி அறைக்கு வெளியே வரிசையில் நான் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைகளும் வருவார்கள். ஏழெட்டு வயதுப் பையன். வாய் திறந்தபடி, மேல்பல் துருத்தி, கண்ணுக்குக் கீழே கருத்து. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து வழியை அடைத்திருந்ததாகவும், அதை எடுத்தபிறகும் வாயால் மூச்சுவிடும் பழக்கம் போகாததால் நாக்குக்கும் உதட்டுக்கும் பயிற்சி தருவதாகவும் அவன் அம்மா சொன்னார். ராத்திரி புரண்டுகொண்டே இருப்பானாம், படுக்கையை நனைப்பானாம், பள்ளியில் கவனம் இல்லை என்று புகார் வருமாம்.

அந்தப் பையனின் முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். 1998-இல் என் ஆறாம் வகுப்பில், மூன்றாவது பெஞ்சில். அதே வாய், அதே பல், அதே கண். நாலாவது பீரியடில் தலை தொங்கிவிடும். நான் அவனை எழுப்பி நிற்கவைத்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒரு வருஷம். தூங்குமூஞ்சி என்று வகுப்பே அழைத்தது. முதலில் அழைத்தவள் நான். அவன் அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்று, “ராவெல்லாம் பொரண்டுக்கிட்டே கெடக்கான் டீச்சர். இன்னமும் பாய நனைக்கிறான். என்ன பண்றதுன்னு தெரியல” என்றார். சீக்கிரம் படுக்கவையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். அவனுக்கு என்ன இருந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவன் அம்மா அடையாளங்கள் அத்தனையையும் என் மேசை முன்னால் நின்று ஒப்பித்தார். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஆசிரியர்களே, வகுப்பில் வாய் திறந்தபடி உறங்கும் பிள்ளை இருந்தால் நிற்கவைக்காதீர்கள். ராத்திரி குறட்டை விடுகிறானா, மூச்சு நின்று நின்று வருகிறதா, படுக்கையை நனைக்கிறானா என்று அவன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆம் என்றால், ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதைப் பார்க்கிறார்கள். சீட்டு எடுத்துக்கொண்டு காலையில் போனால் போதும்.